லேசரும் ஃபில்டரும்: வீட்டு மேசையில் செய்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கழுவி முடித்த கலர் நெகட்டிவ் ஃபிலிமின் கறுத்த முனையை எடுத்து இரண்டாக மடித்துக் கண்ணுக்கு நேரே பிடித்தால் ட்யூப்லைட்கூட மங்கிப்போகும். ஆனால் டி.வி. ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிர் அதன் வழியே தாராளமாகப் போகும். இன்னொரு பக்கம், மயில்துத்தத்தைக் கரைத்த தண்ணீர் பார்க்கத் தெளிந்த நீலமாக இருக்கும், அதன் வழியே பேப்பர்கூடப் படிக்கலாம். ரிமோட்டின் கதிரை அது வெகுவாக அடக்கிவிடும். எதை விடும், எதை நிறுத்தும் என்பதை ஒரு ஃபில்டரின் நிறத்தைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. ஒரே அலைநீளத்தில் ஒளி தரும் லேசரும், ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் அளந்து சொல்லலாம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த அளவீட்டைச் சுற்றித்தான்.

முதலில் கண்

இதைத் தாண்டிக் குதித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம். கண்ணில் படும் லேசர் கதிரைக் கண்ணின் லென்ஸ் விழித்திரையில் ஒரு நுண்ணிய புள்ளியாகக் குவித்துவிடும். விழித்திரை வெந்தால் வலிக்காது, அதனால் உடனே தெரியவும் தெரியாது.

1 மில்லிவாட்டுக்குக் கீழே உள்ள கண்ணுக்குத் தெரியும் லேசர் 2-ஆம் வகுப்பு. தற்செயலாகப் பட்டால் கால் நொடிக்குள் கண் தானாக மூடிக்கொள்ளும், அது போதும். 5 மில்லிவாட் வரை 3ஆர். அதற்கு மேல் 500 வரை 3பி, அதையும் தாண்டினால் 4-ஆம் வகுப்பு. வீட்டுச் சோதனைக்கு 2-ஆம் வகுப்பும் 3ஆர்-உம் மட்டும்தான். பழைய டி.வி.டி. ரைட்டரை உடைத்து டயோடு எடுப்பது எப்படி என்று வீடியோக்கள் நிறையக் கிடைக்கின்றன. அந்த டயோடு 3பி வகுப்பு, தொடாதீர்கள்.

லேபிளையும் முழுசாக நம்ப முடியாது. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 2013-இல் 122 லேசர் பாயின்டர்களைச் சோதித்த விவரத்தை வெளியிட்டது. பச்சையில் ஏறத்தாழ 90 சதவீதமும், சிவப்பில் 44 சதவீதமும் விதிமுறைக்கு உட்படவில்லை. அதனால்தான் சிவப்பில் தொடங்கச் சொல்கிறேன்.

மேசையில் உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரத்தில் கதிர் போகக் கூடாது. கதிர் முடியும் இடத்தில் பளபளப்பில்லாத கறுப்பு அட்டை ஒன்று நிற்க வேண்டும். மோதிரம், வாட்ச், எவர்சில்வர் டம்ளர் எல்லாம் மேசையை விட்டுப் போகட்டும். அறையைக் கும்மிருட்டாக்க வேண்டாம், இருட்டில் கண்மணி அகலமாக விரியும். ஃபில்டர் வழியாக லேசரின் வாயைப் பார்ப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டும் கூடாது. பார்க்க வேண்டியது அட்டையில் விழும் புள்ளியைத்தான். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்

ஆர்டுயினோ என்ற சின்ன எலெக்ட்ரானிக்ஸ் போர்டில் பழகுபவர்களுக்காக விற்கும் கே.ஒய்-008 என்ற சிவப்பு லேசர் மாட்யூல் நல்ல தொடக்கம். அலைநீளம் 650 நானோமீட்டர், 5 வோல்ட். சென்னை ரிச்சி தெருவில் நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். பட்டன் பேட்டரியில் ஓடும் பாயின்டரைவிட இது மேல். பேட்டரி இறங்க இறங்கப் பாயின்டரின் ஒளி மாறிக்கொண்டே இருக்கும், அளவீடு கெட்டுவிடும். மாட்யூலைப் பழைய மொபைல் சார்ஜரின் 5 வோல்ட்டில் ஓட்டலாம்.

ஒளியை அளக்க பி.பி.டபிள்யூ.34 என்ற போட்டோடயோடு (ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் சின்னப் பாகம்) ஒன்றும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றும் போதும். போட்டோடயோடு கிடைக்காவிட்டால் தோட்ட விளக்கில் இருக்கும் சின்ன சோலார் தகடு. ஆண்ட்ராய்டு போனில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியும் ஒளி அளவைக் காட்டும். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது அது. ஆனால் போனின் சென்சார் எந்த நிறத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்பது போனுக்குப் போன் மாறும். எனக்கு மல்டிமீட்டர்தான் வசதி.

ஃபில்டர்களுக்குப் பெரிய செலவில்லை. கலர் கண்ணாடிப் பேப்பர், மேடை விளக்குக்குப் போடும் ஜெல் தாள், சிவப்பு-நீல 3டி கண்ணாடி, நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடிச் சில்லுகள், தட்டையான பக்கங்கள் கொண்ட காலி சென்ட் பாட்டில்கள் சில. மருந்துக் கடையிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட், உரக்கடையிலிருந்து மயில்துத்தம், அடுப்படியிலிருந்து மஞ்சள்தூள். பழைய கால்குலேட்டரையோ உடைந்த எல்.சி.டி. மானிட்டரையோ பிரித்தால் போலரைசர் தாள் கிடைக்கும். கீறல் விழுந்த சி.டி. ஒன்றையும் எடுத்து வையுங்கள்.

மேசையை அமைத்தல்

1. லேசரை ஒரு மரக்கட்டையில் களிமண்ணாலோ டேப்பாலோ அசையாமல் பொருத்துங்கள். கையில் பிடித்துக்கொண்டு எதையும் அளக்க முடியாது.
2. அரை மீட்டர் தள்ளி போட்டோடயோடை இன்னொரு கட்டையில் அதே உயரத்தில் நிறுத்துங்கள். அதன் சில்லு சுமார் 2.7 மில்லிமீட்டர் சதுரம்தான். லேசரின் முன்லென்ஸைத் திருகிப் புள்ளி முழுவதும் அந்தச் சதுரத்துக்குள் விழும்படி செய்யுங்கள்.
3. டயோடைச் சுற்றி ஒரு கறுப்புப் பேப்பர்க் குழாயை மாட்டினால் அறை வெளிச்சம் உள்ளே வராது.
4. மல்டிமீட்டரை வோல்ட்டில் வைக்காதீர்கள், 2000 மைக்ரோ ஆம்பியரில் வையுங்கள். டயோடின் இரு கால்களையும் மீட்டருடன் நேராக இணைத்தால் வரும் மின்னோட்டம் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வோல்ட் அப்படி இல்லை, ஒளி பத்து மடங்கு ஏறினாலும் அது கொஞ்சம்தான் ஏறும். சோலார் தகடு வைத்து அளப்பவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான்.
5. லேசரை ஐந்து நிமிடம் எரியவிட்டு, எண் நிலையாக நின்றபின் குறியுங்கள். லேசரை மறைத்துவிட்டு வரும் எண்ணையும் குறித்து, அதை ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் கழியுங்கள்.

சிவப்பு ஒளிக்கு இந்த டயோடு 1 மில்லிவாட்டுக்கு ஏறத்தாழ 400 மைக்ரோ ஆம்பியர் தரும். உங்கள் லேசர் உண்மையில் எவ்வளவு வலுவானது என்பது இதிலேயே தோராயமாகத் தெரிந்துவிடும். மீட்டர் தன் எல்லையைத் தாண்டினால் அந்த லேசரை வைத்துச் சோதனையைத் தொடராதீர்கள்.

கண்ணாடியும் கண்ணாடிப் பேப்பரும்

நிறமே இல்லாத ஒன்றில் தொடங்குவோம். சுத்தமான கண்ணாடிச் சில்லு ஒன்றைக் கதிரின் குறுக்கே வையுங்கள். எண் சுமார் 8 சதவீதம் இறங்கும். கண்ணாடி ஒளியை விழுங்கவில்லை, முன்பக்கத்தில் 4 சதவீதமும் பின்பக்கத்தில் 4 சதவீதமும் திரும்பிப் போய்விடுகின்றன. அந்தத் திரும்பும் கதிர் எங்கே போய் விழுகிறது என்று தேடிப் பாருங்கள். லேசரின் வாய்க்குப் பக்கத்திலேயே ஒரு மங்கலான புள்ளி இருக்கும்.

இப்போது கலர்ப் பேப்பர். ஒரு மடிப்பு 80 சதவீதம் விட்டால் இரண்டு மடிப்பு 60 விடாது, 64 விடும். மூன்று மடிப்பு 51. ஒவ்வொரு மடிப்பும் தனக்கு வந்த ஒளியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, மொத்தத்தில் அல்ல. கடையில் விற்கும் ஃபில்டர்களிலும் பாதுகாப்புக் கண்ணாடிகளிலும் ஓ.டி. (ஆப்டிகல் டென்சிட்டி) என்று ஒரு எண் இருக்கும். அது இந்தப் பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் மடக்கைக் கணக்கு. ஓ.டி. 1 என்றால் பத்தில் ஒரு பங்கு போகும், 2 என்றால் நூறில் ஒரு பங்கு. இரண்டையும் சேர்த்து வைத்தால் 3, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. எந்த அலைநீளத்துக்கு என்று சொல்லாத ஓ.டி. எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. பாதுகாப்புக் கண்ணாடி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த அலைநீளத்தைத்தான்.

பாட்டில் ஃபில்டர்கள்

திரவ ஃபில்டரின் பலம் என்னவென்றால், அடர்த்தியை நம் இஷ்டத்துக்கு ஏற்ற இறக்கலாம். வெறும் தண்ணீர் ஊற்றிய பாட்டிலை முதலில் கதிரில் வைத்து வரும் எண்ணைத்தான் நூறு சதவீதமாகக் கொள்ள வேண்டும். பாட்டில் கண்ணாடியின் பிரதிபலிப்பு அப்போதுதான் கணக்கிலிருந்து விலகும்.

பெர்மாங்கனேட்டில் ஒரே ஒரு துணுக்கைத் தண்ணீரில் போடுங்கள். ஊதா நூல் ஒன்று பாட்டிலின் அடிவரை இறங்கிக் கரையும். அது 525 முதல் 545 நானோமீட்டர் வரையிலான பச்சையைக் கடுமையாக உறிஞ்சும். பச்சை லேசரின் 532 நேராக அங்கேதான் விழுகிறது. துணுக்குகளைச் சேர்க்கச் சேர்க்கப் பச்சைப் புள்ளி அணைந்துபோகும், சிவப்புப் புள்ளிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. இந்தக் கரைசல் ஒருசில நாட்களில் பழுப்பாகிவிடும், அன்றன்றைக்குப் புதிதாகப் போடுங்கள். கையில் பட்டால் கறை போகச் சில நாள் ஆகும்.

மயில்துத்தம் இதற்கு நேர் எதிர். 100 மில்லி தண்ணீருக்கு 12 கிராம் போல எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் கரையுங்கள், அலுமினியம், இரும்பு வேண்டாம். பச்சையை ஏறக்குறைய முழுசாக விடும், 650 சிவப்பைக் கணிசமாகக் குறைக்கும். உண்மையான வேலை கண்ணுக்குத் தெரியாத 800 நானோமீட்டர் பக்கத்தில் நடக்கிறது. ஒரு சென்டிமீட்டர் தடிமனே அங்கே வரும் ஒளியை அநேகமாக முழுசாக நிறுத்திவிடும். பச்சை லேசர் பகுதியில் இது மறுபடி தேவைப்படும், கொட்டிவிட வேண்டாம். மயில்துத்தம் விஷம், பாட்டிலில் பெயர் எழுதி எட்டாத உயரத்தில் வையுங்கள்.

போலரைசர்: திருப்பினால் மாறும் ஃபில்டர்

நிறத்தைப் பாராமல் ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்று பார்த்து வடிகட்டுவது போலரைசர். பள்ளிப் புத்தகத்தில் தளவிளைவு என்று படித்திருப்போம். டயோடு லேசரின் ஒளி பெரும்பாலும் ஏற்கெனவே ஒரே தளத்தில்தான் அதிரும், எனவே ஒரு தாள் போதும். தாளை ஒரு வட்ட அட்டையில் ஒட்டி, கோணமானியால் பத்துப் பத்து டிகிரியாகக் குறியிட்டுக் கதிரின் குறுக்கே திருப்புங்கள். அதிகபட்சத்தை நூறாக வைத்தால் 30 டிகிரியில் 75, 45-இல் 50, 60-இல் 25, 90-இல் பூஜ்யத்துக்குப் பக்கம். கோசைனின் வர்க்கம். 1809-இல் பிரான்ஸின் மாலூஸ் சொன்ன விதி இது. 90 டிகிரியிலும் மீட்டர் பூஜ்யத்துக்கு வராவிட்டால், ஒன்று அறை வெளிச்சம் உள்ளே வருகிறது, அல்லது உங்கள் லேசர் ஒளி முழுக்க ஒரே தளத்தில் இல்லை.

எண் பூஜ்யத்தில் நிற்கும்போது லேசருக்கும் தாளுக்கும் நடுவில் இன்னொரு போலரைசரை 45 டிகிரியில் நுழையுங்கள். தடுக்கும் தாளை ஒன்று கூட்டியிருக்கிறோம், ஆனால் ஒளி திரும்ப வரும். தாள் விழுங்குவதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வந்த ஒளியில் கால் பங்கு. அந்த இடத்திலேயே செலோ டேப் துண்டு ஒன்றை வைத்துத் திருப்பினாலும் ஒளி ஏறி இறங்கும்.

தியேட்டரில் தரும் ரியல்டி வகை 3டி கண்ணாடி இருந்தால் ஒரு வேடிக்கை உண்டு. கண் பக்கத்திலிருந்து கதிரை விட்டுக் கண்ணாடியைத் திருப்பினால் எண் மேலும் கீழும் போகும். வெளிப்பக்கத்திலிருந்து விட்டுத் திருப்பினால் எண் அவ்வளவாக அசையாது. வெளிப்பக்கத்தில் கால்-அலைத் தாள் (ஒளி அதிரும் விதத்தை மாற்றும் தாள்) ஒன்றும், அதற்குப் பின்னால் சாதாரண போலரைசரும் ஒட்டப்பட்டிருப்பதுதான் காரணம்.

அப்புறம் சர்க்கரை. தட்டையான கண்ணாடித் தொட்டியில் கதிர் 10 சென்டிமீட்டர் பயணம் செய்யும்படி, 100 மில்லிக்கு 30 கிராம் சர்க்கரை கலந்த கரைசலை ஊற்றுங்கள். வெறும் தண்ணீரில் இருள் எந்தக் கோணத்தில் வந்ததோ, அந்தக் கோணம் இப்போது நகர்ந்திருக்கும். சோடியத்தின் மஞ்சள் ஒளிக்கு இது 20 டிகிரி. சிவப்புக்கு அதைவிடக் குறைவு, பச்சைக்கு அதிகம். சர்க்கரை ஆலைகளில் இதே கோணத்தை அளந்துதான் சாற்றின் சர்க்கரை அளவைச் சொல்கிறார்கள்.

மஞ்சள்தூளும் ராமனின் இடமாற்றமும்

1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் சி.வி.ராமன் அறிவித்த கண்டுபிடிப்பின் மையத்தில் இரண்டு ஃபில்டர்கள்தான் இருந்தன. திருச்சியில் பிறந்தவர் ராமன், உடன் உழைத்த கே.எஸ்.கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். லேசர் வர இன்னும் 32 வருடம் இருந்தது, அவர்களிடம் இருந்தது வெயில். வெயிலைக் குவித்து நீல-ஊதா ஃபில்டர் வழியாகத் திரவத்துக்குள் அனுப்பினார்கள். அதன் கூடவே மஞ்சள்-பச்சை ஃபில்டரையும் கதிர் வரும் வழியில் வைத்தால் திரவத்துக்குள் தடமே தெரியாது, இரண்டும் சேர்ந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். பிறகு இரண்டாவது ஃபில்டரை மட்டும் எடுத்துத் திரவத்துக்கும் கண்ணுக்கும் இடையில் வைத்தார்கள். தடம் தெரிந்தது. உள்ளே போகாத நிறம் வெளியே வருகிறது என்றால் திரவம்தான் அதை மாற்றியிருக்க வேண்டும்.

இதே இடமாற்றத்தை நம் மேசையில் செய்யலாம். 5 மில்லிவாட்டைத் தாண்டாத 405 நானோமீட்டர் ஊதா லேசர் வேண்டும். நம்பகமானது கிடைக்காவிட்டால் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச் வைத்துக்கொள்ளுங்கள், தடம் அகலமாகத் தெரியும், அவ்வளவுதான். ஊதா ஒளி கண்ணுக்கு மங்கலாகத்தான் படும், அதனால் சாது என்று தோன்றும். சாது இல்லை.

ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கி, தெளிந்ததும் மேலே உள்ளதை வடிகட்டி, இளமஞ்சளாகும்வரை ஸ்பிரிட் விட்டு நீர்த்துப்போகச் செய்யுங்கள். அடர்த்தி அதிகமானால் கதிர் பாட்டிலின் முதல் மில்லிமீட்டரிலேயே தீர்ந்துவிடும். ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியது, அடுப்பங்கரையில் வேண்டாம். மஞ்சள் ஜெல் தாளை லேசருக்கும் பாட்டிலுக்கும் நடுவில் வைத்தால் பாட்டில் இருண்டு கிடக்கும். தாளை எடுத்துப் பாட்டிலுக்குப் பக்கவாட்டில், போன் கேமராவுக்கு முன்னால் பிடியுங்கள். பாட்டிலின் குறுக்கே பச்சை கலந்த மஞ்சளில் ஒரு கோடு பளிச்சென்று நிற்கும். முருங்கைக்கீரையைக் கசக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்த பச்சைச் சாற்றில் அந்தக் கோடு ரத்தச் சிவப்பாக இருக்கும்.

நாம் பார்ப்பது ராமன் விளைவு இல்லை, உடனொளிர்தல், அதாவது ஒரு நிற ஒளியை விழுங்கி வேறு நிறத்தில் ஒளிர்வது. ராமன் சிதறல் இதைவிடப் பல மடங்கு மங்கல். தான் பார்த்தது உடனொளிர்தல் அல்ல என்று காட்டவும் ராமன் ஒரு ஃபில்டரைத்தான் நாடினார். சிதறிய ஒளி போலரைசரைத் திருப்பும்போது வலுவாக ஏறி இறங்கியது.

இதில் அளவீட்டுக்கு ஒரு பாடமும் இருக்கிறது. மஞ்சள் கரைசலையே ஊதா லேசருக்கு ஃபில்டராக வைத்து, டயோடைப் பாட்டிலை ஒட்டிப் பின்னால் நிறுத்தினால் மீட்டர் பூஜ்யத்துக்கு வராது. ஊதா நின்றுவிட்டது, ஆனால் பாட்டில் தானே ஒளிர்கிறது. டயோடை நன்றாகத் தள்ளி வைத்தால் எண் வேகமாக விழும், ஏனென்றால் ஒளிர்தல் எல்லாப் பக்கமும் பரவும், லேசர் நேராக மட்டுமே போகும்.

பச்சை லேசர் ஒளித்து வைப்பது

பல பாயின்டர்களில் பச்சை நேராகப் பிறப்பதில்லை. உள்ளே 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒன்று ஒரு படிகத்தைத் தூண்டும். அது 1064 தரும், இன்னொரு படிகம் அதைப் பாதியாக்கி 532 பச்சை ஆக்கும். மிச்சமாகும் அகச்சிவப்பைத் தடுக்க வாயில் ஒரு ஃபில்டர் இருக்க வேண்டும். மலிவுப் பாயின்டர்களில் சிலவற்றில் அது இருப்பதில்லை. 2010-இல் நிஸ்ட் விஞ்ஞானிகள் அப்படி ஒன்றைக் கண்டு, வீட்டிலேயே சோதிக்கும் வழியையும் வெளியிட்டார்கள்.

வெள்ளை அட்டையில் ஒரு துளை போட்டு, அதன் வழியே கதிரை 10 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் சி.டி.யின் மேல் செங்குத்தாக விடுங்கள். சி.டி.யின் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர், எனவே ஒவ்வொரு அலைநீளமும் தனக்கென்று ஒரு கோணத்தில் திரும்பி அட்டையில் விழும். துளையிலிருந்து 3.5 சென்டிமீட்டரில் பச்சைப் புள்ளி. 8.9-இல் மங்கலாக இன்னொரு பச்சை, அதே ஒளி இன்னும் அகன்ற கோணத்தில் மறுபடி விழும் இரண்டாம் வரிசை அது. 1064-இன் முதல் வரிசையும் சரியாக அதே இடத்தில்தான் விழும், அதனால் அங்கே தேடிப் பயனில்லை. 808 தனியாக 5.9 சென்டிமீட்டரில் விழும். கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. போனின் முன்கேமராவை அட்டையின் பக்கம் திருப்புங்கள், டி.வி. ரிமோட்டின் ஒளி அந்தக் கேமராவில் தெரிகிறதா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும். 5.9-இல் ஒரு புள்ளி முளைத்தால் பாயின்டர் ஒழுகுகிறது. மயில்துத்தப் பாட்டிலைக் கதிரில் வைத்ததும் அந்தப் புள்ளி மட்டும் மறைந்து பச்சைகள் நின்றால் சந்தேகமே வேண்டாம், அந்தப் பாயின்டரை ஒதுக்கிவிடுங்கள். சி.டி.யிலிருந்து கதிர்கள் நாலாபக்கமும் தெறிக்கும், இந்தச் சோதனையின்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது.

காசு கொடுத்து வாங்கும் ஒரே ஃபில்டர்

இத்தனையும் செய்தபின் ஆசை விடவில்லை என்றால் குறுக்கீட்டு ஃபில்டர் ஒன்றைப் பழைய கருவிகள் விற்பவரிடம் தேடுங்கள். சாயம் எதுவும் இல்லாமல், கண்ணாடியின் மேல் நுண்ணிய படலங்களை அடுக்கிச் செய்தது. ஒரு குறுகிய பட்டையை மட்டும் விட்டு மற்றதைத் திருப்பி அனுப்பும். சாய்த்தால் அந்தப் பட்டை நீலத்தின் பக்கம் நகரும். படலங்களின் சராசரி ஒளிவிலகல் எண் 2 என்று வைத்தால், 540 என்று எழுதிய ஃபில்டரை ஏறத்தாழ 20 டிகிரி சாய்க்கும்போது 532 வழிவிடும். தப்பான எண் எழுதிய மலிவு ஃபில்டரையும் இப்படிச் சாய்த்துப் பயன்படுத்தலாம். ஐந்து ஐந்து டிகிரியாகச் சாய்த்து மீட்டரைக் குறித்து வந்தால் பட்டையின் வடிவமே வரைபடத்தில் வந்துவிடும். ஆனால் இது தடுக்கும் ஒளியை விழுங்காது, அநேகமாக முழுசாகக் கண்ணாடி மாதிரி திருப்பிவிடும். சாய்க்கும் கோணத்தைப் போல இரு மடங்கு கோணத்தில் கதிர் திரும்பும். லேசரைப் போடுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் இன்னொரு கறுப்பு அட்டையை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.